பண்ணையை விட்டு ஓடியவர், பண்ணையை மறக்காதவர்: ஹென்றி ஃபோர்டு

டிராக்டரின் பின்னால் கலப்பையை மாட்டும்போது கீழே இரண்டு கைகள், மேலே ஒரு டாப் லிங்க் என மூன்று இடங்களில் பின் போட்டு இணைக்கிறோம். லிவரை இழுத்தால் கலப்பை தானாக மேலே எழுகிறது. இந்த அமைப்பு இல்லாத டிராக்டரை இன்று நம் ஊர்களில் பார்ப்பது அரிது. இதை உருவாக்கியவர் அயர்லாந்தில் பண்ணை வீட்டில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். அதை லட்சக்கணக்கில் தயாரித்து, சிறு விவசாயி வாங்கும் விலைக்குக் கொண்டு வந்தவர் ஹென்றி ஃபோர்டு.

ஃபோர்டு என்றால் நம் எல்லோருக்கும் கார்தான் நினைவுக்கு வரும். அவர் ஒரு விவசாயியின் மகன் என்பதும், கடைசி வரை விவசாயத்தைப் பற்றியே யோசித்தார் என்பதும் பலருக்குத் தெரியாது. விவசாயத்தில் அவர் பெரிய வெற்றியும் கண்டார், பெரிய தோல்வியும் கண்டார். இரண்டிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

தாயில்லாப் பிள்ளை

ஹென்றி ஃபோர்டு 1863ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு அருகில் உள்ள ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். தந்தை வில்லியம், அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பஞ்சம் வந்த காலத்தில், 1847இல் கப்பல் ஏறி வந்தவர். காட்டைத் திருத்தி நிலமாக்கி நல்ல நிலைக்கு உயர்ந்தவர். தாய் மேரி சுத்தத்துக்கும் ஒழுங்குக்கும் பெயர் பெற்றவர். வீட்டில் எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்பவர்.

மூத்த பிள்ளையான ஹென்றிக்குப் பண்ணை வேலை பிடிக்கவில்லை. உழைக்க அஞ்சியவர் அல்ல அவர். ஒரு பலனுக்காக இவ்வளவு உடல் உழைப்பு ஏன் வீணாக வேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வி. கைக்கு எட்டிய கடிகாரத்தையெல்லாம் பிரித்துப் பூட்டுவார். அக்கம்பக்கத்தார் பழுதான கடிகாரங்களை அவரிடம் கொண்டு வந்து கொடுக்கத் தொடங்கினார்கள்.

1876ஆம் ஆண்டு மார்ச் மாதம், பிரசவத்தைத் தொடர்ந்து தாய் இறந்தார். ஹென்றிக்கு அப்போது வயது 12. அந்த ஆண்டு கோடையில் தந்தையோடு குதிரை வண்டியில் டெட்ராய்ட் போகும் வழியில், எதிரே ஒரு நீராவி எஞ்சின் தானாகவே சாலையில் ஊர்ந்து வந்தது. கதிரடிக்கவும் மரம் அறுக்கவும் பண்ணை பண்ணையாகப் போகும் எஞ்சின் அது. குதிரை இழுக்காமல் ஓடும் ஒரு வண்டியை அன்றுதான் அவர் முதன்முதலில் பார்த்தார். வண்டியிலிருந்து குதித்து ஓடி, அதை ஓட்டியவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அவரைக் காரின் பக்கம் திருப்பியது கதிரடிக்கும் எஞ்சின்தான்.

காட்டு நிலமும் கல்யாணமும்

16 வயதில் டெட்ராய்ட் போய் இயந்திரப் பட்டறைகளில் வேலை கற்றார். 1882இல் ஊர் திரும்பினார். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வாங்கிய நீராவி எஞ்சினை ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. ஹென்றி அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கதிரடித்தார், மரம் அறுத்தார். ஒரு நாளைக்கு 3 டாலர் கூலி. பணக்காரரான பிறகு அந்த எஞ்சினை மறக்காமல் தேடிப் பிடித்து விலைக்கு வாங்கினார். டியர்பார்ன் ஊரில் அவர் நிறுவிய அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது.

பக்கத்து ஊர் விவசாயியின் மகள் கிளாராவை ஒரு நடன விழாவில் சந்தித்து, 1888இல் மணந்தார். இயந்திரப் பித்து தீர்ந்து மகன் பண்ணையில் நிலைக்கட்டும் என்று தந்தை மரம் அடர்ந்த நிலம் ஒன்றைக் கொடுத்தார். ஹென்றி அங்கே அறுவை எந்திரம் போட்டு மரத்தை அறுத்து விற்றார். அந்தப் பலகையிலேயே மனைவிக்கு வீடும் கட்டினார். மரம் தீர்ந்தது. அடுத்து உழ வேண்டும். அவரோ 1891இல் மனைவியை அழைத்துக்கொண்டு டெட்ராய்ட் போய், எடிசன் பெயரில் இயங்கிய மின்சாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

1893 நவம்பரில் ஒரே மகன் எட்செல் பிறந்தான். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் முன்னிரவில், தான் செய்த சிறிய பெட்ரோல் எஞ்சினை ஹென்றி சமையலறைத் தொட்டியில் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருந்த கிளாராதான் துளித் துளியாகப் பெட்ரோல் ஊற்றினார். குழந்தை பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. 1896 ஜூன் மாதம் சைக்கிள் சக்கரம் பூட்டிய முதல் வண்டி தயாரானது. அதை வெளியே எடுக்கக் கொட்டகையின் கதவு போதவில்லை. கோடாரியால் சுவரை இடித்துத்தான் வெளியே ஓட்டி வந்தார்.

அடுத்த 7 ஆண்டுகளில் இரண்டு கம்பெனிகள் அவருக்குக் கைகொடுக்கவில்லை. பந்தயக் கார் ஓட்டிப் பெயர் எடுத்தார். 1904 ஜனவரியில் உறைந்து கிடந்த ஒரு ஏரியின் பனிக்கட்டி மேல் மணிக்கு சுமார் 147 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1903இல் தொடங்கியதுதான் ஃபோர்டு மோட்டார் கம்பெனி.

விவசாயியின் கார்

1908இல் வந்த மாடல் டி கார் உண்மையில் விவசாயிக்காகவே செய்தது போல இருந்தது. வண்டிப்பாதையில் இடிக்காத உயரம், எடை குறைந்த உறுதியான எஃகு, கொல்லன் பட்டறையிலேயே பழுது பார்க்கக்கூடிய எளிய அமைப்பு. ஆரம்ப விலை 850 டாலர். ஒவ்வொரு தொழிலாளியையும் தேடி வேலை நகர்ந்து வரும் முறையை 1913இல் கொண்டு வந்த பிறகு உற்பத்தி பெருகியது. 1925 வாக்கில் விலை 260 டாலருக்கு இறங்கியது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் வெளிவந்தன.

விவசாயிகள் அதில் சந்தைக்குப் போனதோடு நிற்கவில்லை. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி, அதைக் கொண்டு மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள், தானியம் அரைத்தார்கள். நம் ஊரில் டீசல் எஞ்சினையும் பவர் டில்லரையும் எத்தனை வேலைக்குப் பயன்படுத்துகிறோமோ, அப்படி.

1917இல் ஃபோர்ட்சன் டிராக்டர் வந்தது. முதல் உலகப் போரில் உணவுக்குத் தவித்த பிரிட்டன் 6,000 டிராக்டர்கள் கேட்டது. 1922இல் விலை 395 டாலர். ஒரு கட்டத்தில் அமெரிக்காவில் விற்ற டிராக்டர்களில் பாதிக்கு மேல் ஃபோர்ட்சன்தான்.

ஆனால் அதில் உயிரைப் பறிக்கும் ஒரு குறை இருந்தது. கலப்பை வேரிலோ பாறையிலோ சிக்கினால் பின் சக்கரம் நின்றுவிடும். எஞ்சினின் விசை முன்பக்கத்தை மேலே தூக்கும். டிராக்டர் மல்லாந்து ஓட்டுபவர் மேல் விழும். பலர் இறந்தார்கள். இந்தக் குறைக்குத் தீர்வு கண்டவர்தான் ஃபெர்குசன். அவருடைய மூன்று முனை இணைப்பில், கலப்பை சிக்கும்போது டாப் லிங்க் வழியாக வரும் அழுத்தம் முன்பக்கத்தைத் தரையோடு அழுத்துகிறது. கலப்பையின் பாரமும் பின் சக்கரத்துக்கு மாறுவதால் எடை குறைந்த டிராக்டரே ஆழ உழுகிறது.

1938இல் ஃபோர்டின் வீட்டு வளாகத்தில் ஃபெர்குசன் உழுது காட்டினார். 75 வயது ஃபோர்டு பார்த்த உடனே புரிந்துகொண்டார். எழுத்து ஒப்பந்தம்கூட இல்லை. கைகுலுக்கியதோடு முடிந்தது. அடுத்த ஆண்டே 9 என் டிராக்டர் 585 டாலருக்கு வந்தது. ஃபோர்டு இறந்த காலத்தில் அந்தக் கூட்டு முறிந்தது. எழுதி வைக்காத ஒப்பந்தம் வழக்காகி, 1952இல் ஃபெர்குசனுக்கு 92 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துத்தான் தீர்ந்தது. குத்தகையை வாய்ச்சொல்லாகவே பேசி முடிக்கும் நமக்கும் இது பொருந்தும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இன்றும் சேற்றில் சிக்கிய வண்டியையோ வெட்டிய மரத்தையோ டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஃபோர்ட்சன் மல்லாந்தது போலவே இன்றைய டிராக்டரும் மல்லாந்துவிடும். இழுக்கும் பாரத்தை எப்போதும் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும்.

தொழிற்சாலைக்குள் ஒரு வயல்

1930களில் விளைபொருள் விலை அடியோடு விழுந்து விவசாயிகள் நொடித்தபோது, தொழிற்சாலையே விவசாயியின் வாடிக்கையாளராக மாற வேண்டும் என்று ஃபோர்டு நினைத்தார். கேரட், முட்டைக்கோஸ் எனப் பல விளைபொருள்களை ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்து, கடைசியில் சோயா மொச்சையைத் தேர்ந்தெடுத்தார். சோயாவில் சுமார் 40 சதவீதம் புரதம், 20 சதவீதம் எண்ணெய். வேர் முடிச்சுகள் காற்றில் உள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். அவர் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயிரிட்டார். எண்ணெய் காருக்கு வர்ணமானது. பிண்ணாக்கின் புரதம் ஹாரன் பட்டனும் கியர் குமிழும் ஆனது. 1934இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் முழுக்க முழுக்க சோயாவால் ஆன விருந்து வைத்தார். 1941இல் பயிர்ப்பொருள் கலந்த பிளாஸ்டிக் தகடு போர்த்திய கார் ஒன்றைக் காட்டினார். போர் வந்ததால் அது விற்பனைக்கு வரவில்லை.

இந்த ஆர்வம் அவரை ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரிடம் கொண்டு சேர்த்தது. அடிமைக் குடும்பத்தில் பிறந்து, நிலக்கடலையையும் பயிர் சுழற்சியையும் ஏழைக் கறுப்பின விவசாயிகளிடம் கொண்டு போன விஞ்ஞானி அவர். வயதான கார்வர் படி ஏறச் சிரமப்படுவதைப் பார்த்து, அவர் தங்கியிருந்த கட்டடத்தில் ஃபோர்டு லிஃப்ட் பொருத்திக் கொடுத்தார்.

சிறு ஆறுகளின் கரையில் பழைய மாவு ஆலைகளை வாங்கி, நீர்ச்சக்தியில் இயங்கும் சிறிய தொழிற்கூடங்களாக மாற்றினார். விவசாயி தன் நிலத்தை விடாமலே அங்கே வேலை பார்க்கலாம். நிலம் ஒரு கால், தொழில் ஒரு கால் என்று குடும்பம் நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பறவைகளும் கூடாரமும்

வேலை நேரம் போக அவர் வெளியில்தான் இருப்பார். நடை, ஓட்டம், பனிச்சறுக்கு, விறகு வெட்டுதல். பறவைகள் என்றால் உயிர். ரூஜ் ஆற்றங்கரையில் ஃபேர் லேன் என்ற தன் வீட்டைச் சுற்றி நூற்றுக்கணக்கான பறவைக் கூடுகள் வைத்தார். 1913இல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டத்துக்கு ஆதரவாக, தன் கார் முகவர்களையெல்லாம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தந்தி அடிக்கச் செய்தார். சட்டம் நிறைவேறியது.

இயற்கை எழுத்தாளர் ஜான் பர்ரோஸ், எடிசன், டயர் தயாரிப்பாளர் ஃபயர்ஸ்டோன் ஆகியோருடன் பல கோடைகளில் கார்களில் கிளம்பி, காட்டோரம் கூடாரம் அடித்துத் தங்கினார். பர்ரோஸ் செடியையும் பறவையையும் காட்டுவார். ஃபோர்டு ஓடையைக் கண்டால் அதிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போடுவார். இயற்கையை அவர் நேசித்த விதமே அதுதான்.

அமேசானில் விழுந்த அடி

1928இல் டயருக்கு வேண்டிய ரப்பரைத் தானே விளைவிக்க, பிரேசிலில் தபாஜோஸ் ஆற்றங்கரையில் சுமார் 25 லட்சம் ஏக்கரில் ஃபோர்ட்லாண்டியா என்ற தோட்டத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தின் தாய்வீடே அந்தக் காடு. அங்கே விளையாதா என்று நினைத்தார். தொடக்க ஆண்டுகளில் தோட்டப் பொறுப்பில் ரப்பரை அறிந்த பயிர் விஞ்ஞானி ஒருவர்கூட இல்லை. இயந்திரம் தெரிந்தவர்களே மரத்தையும் நட்டார்கள்.

காட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில், பல்வேறு மரங்களுக்கு நடுவில் நிற்கும். அதனால் இலைக்கருகல் பூஞ்சாணம் ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது கடினம். ஃபோர்டின் ஆட்கள் தொழிற்சாலை வரிசை போல நெருக்கி நட்டார்கள். மரங்கள் வளர்ந்து கிளைகள் ஒன்றையொன்று தொட்டதும் நோய் தோட்டம் முழுவதும் பாய்ந்தது. புழுக்களும் பூச்சிகளும் சேர்ந்துகொண்டன. தொழிலாளர்களும் தொழிற்சாலை மணிக்குக் கட்டுப்பட்டு உச்சி வெயிலில் உழைக்க வேண்டியிருந்தது. உணவு முறையும் திணிக்கப்பட்டது. 1930இல் உணவுக்கூடத்தில் வெடித்த கலவரத்தில் தோட்டமே சூறையாடப்பட்டது. பிறகு விஞ்ஞானி வந்தார், இடம் மாற்றினார்கள், ஒட்டுக் கட்டினார்கள். காலம் கடந்துவிட்டது. சுமார் 2 கோடி டாலர் செலவழித்த இடத்தை 1945இல் இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவாக பிரேசில் அரசிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஃபோர்டு ஒரு முறைகூட அங்கே போய்ப் பார்க்கவில்லை.

ஹென்றியின் தாய் இறந்த அதே 1876இல், அதே தபாஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்துதான் ஆங்கிலேயர் ஒருவர் சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். அவற்றின் நாற்றுகள் இலங்கைக்கு வந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்று பால் வெட்டும் ரப்பர் மரங்களும் அந்த வழி வந்தவையே. விதை வந்தது, நோய் வரவில்லை. அந்த இலைக்கருகல் ஆசியாவுக்குள் இன்னும் நுழையாததால்தான் நம் தோட்டங்கள் நெருக்கமாக நின்றும் பிழைக்கின்றன. வெளிநாட்டுச் செடியையோ விதையையோ பையில் மறைத்துக் கொண்டு வரக்கூடாது என்று விமான நிலையத்தில் தடுப்பது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

மகனும் தந்தையும்

தன் தந்தையின் பேச்சைக் கேட்காமல் நகரத்துக்குப் போனவர் ஹென்றி. ஆனால் தன் மகன் எட்செலைத் தன் விருப்பப்படி இயங்க விடவில்லை. கம்பெனியின் தலைவர் பதவியை மகனுக்குக் கொடுத்தார், முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. மாடல் டி காலாவதியாகிறது என்று மகனும் மற்றவர்களும் எடுத்துச் சொல்லியும் பல ஆண்டுகள் கேட்கவில்லை. மற்றவர்கள் முன்னால் மகனை மட்டம் தட்டுவார்.

1943இல் எட்செல் 49 வயதில் இறந்தார். வயிற்றுப் புற்றுநோயோடு, மாடுகளிடமிருந்து மனிதருக்கு வரும் புரூசெல்லோசிஸ் காய்ச்சலும் அவரை வதைத்தது. நாம் கன்று வீச்சு நோய் என்று சொல்வதுதான் அது. தந்தையின் பண்ணையில் கறந்து காய்ச்சாமல் குடித்த பாலிலிருந்து அது தொற்றியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்தத் துக்கத்திலிருந்து ஹென்றி மீளவே இல்லை. சினை கலைந்த மாட்டின் பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக்கூடாது. விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடக்கூடாது. கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

அவர் வாழ்க்கையின் கறைகளையும் சொல்லியாக வேண்டும். 1914இல் 8 மணி நேர வேலைக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர், பின்னாளில் தொழிற்சங்கத்தாரை அடியாட்களை வைத்து அடிக்க விட்டார். 1941இல்தான் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார். 1920களில் தன் சொந்தப் பத்திரிகையில் யூதர்கள் மீது வெறுப்பைப் பரப்பினார். 1927இல் மன்னிப்புக் கேட்டாலும், 1938இல் ஹிட்லரின் அரசு கொடுத்த விருதை வாங்கிக்கொண்டார். அந்த வெறுப்பு எழுத்து செய்த தீங்கு பெரியது.

மெழுகுவத்தி வெளிச்சத்தில்

சாலை போடுவதற்காகத் தான் பிறந்த வீட்டை இடிக்க நேர்ந்தபோது, 1919இல் அதை நகர்த்தி வைத்துப் புதுப்பித்தார். தாய் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று, நிலத்தைத் தோண்டி உடைந்த தட்டுத் துண்டுகளை எடுத்து, அதே வடிவில் தட்டுகள் செய்யச் சொன்னார். அதே மாதிரி அடுப்பைத் தேடி அலைந்தார். ஓடிப்போன பண்ணையை உலகத்தின் பெரும் பணக்காரர் ஒருவர் ஓட்டுத் துண்டுகளில் தேடிய கதை இது.

1947 ஏப்ரல் 7ஆம் தேதி ரூஜ் ஆற்றில் வெள்ளம். ஃபேர் லேன் வீட்டுக்கு மின்சாரம் கொடுத்த அவருடைய சொந்த மின்நிலையம் நின்றுபோனது. அன்றிரவு மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் எரிந்த அறையில், கிளாரா பக்கத்தில் இருக்க, 83 வயதில் அவர் உயிர் பிரிந்தது. பிறந்தபோது வீட்டில் இருந்த வெளிச்சமும் அதுதான்.

உழவர் படும் பாட்டைக் கேட்டு, தெரிந்து செய்ததால் அவருடைய காரும் டிராக்டரும் வென்றன. மரத்தின் இயல்பைக் கேட்காமல் நட்டதால் ரப்பர் தோற்றது. அடுத்த முறை புதிய பயிர் ஒன்றை, விலை நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஏக்கர் கணக்கில் நடத் தோன்றினால், முதலில் பத்து சென்ட்டில் நட்டுப் பாருங்கள். மண் பரிசோதனை செய்யுங்கள், அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் அந்தப் பயிரின் நோய்களைக் கேளுங்கள். அப்படியே, வீட்டில் விவசாயத்துக்கு வர நினைக்கும் மகனோ மகளோ ஒரு யோசனை சொன்னால், அதையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.